கருவி கிடைத்த வழி

நகல்காரருக்கு அந்த எச்சரிக்கை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு வந்தது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அவர் அதை அச்செடுத்து மேல் மூலையில் பென்சிலால் குறித்து வைத்ததுதான். தண்ணீர் அலுவலகத்துக்கோ, பக்கத்துக் கட்டிடத்தின் சொந்தக்காரருக்கோ, யாருக்கு எதை எழுதினாலும் ஒரு நகல் எடுத்துக் கோப்பில் போட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயரே மறந்துவிட்டது. நகல்காரர் வீடு எது என்று கேட்டால்தான் கையைக் காட்டுவார்கள்.

எச்சரிக்கையை அனுப்பியது வீட்டுக்கு இணைய இணைப்பு கொடுத்திருக்கும் நிறுவனம். உங்கள் வீட்டு இணைப்பில் உள்ள ஏதோ ஒரு கருவி வெளியாட்களின் பிடிக்குப் போய்விட்டது, அதன் வழியாக அவர்கள் ஊரார் கணினிகளைத் தாக்குகிறார்கள், பதினான்கு நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால் இணைப்பு நிறுத்தப்படும் என்று எழுதியிருந்தது. எந்தக் கருவி என்று எழுதவில்லை.

இணைப்பு நின்றால் அவருக்குப் பிழைப்பு நின்றது. அவருடைய வேலை வீட்டில்தான். தூரத்து மருத்துவமனைகளில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, கண்டதை வாயால் சொல்லிப் பதிந்து வைப்பார்கள். யாரோ அதைத் தட்டச்சு செய்வார்கள். நகல்காரர் பதிவை மறுபடி கேட்டு, தட்டச்சில் இருப்பது டாக்டர் சொன்னதுதானா என்று வரிவரியாகச் சரிபார்ப்பார். இடது கால் வலது காலாக மாறிவிட்டால் அறுவை மேசையில் படுத்திருப்பவன் கதி என்ன? அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். காதில் சரியாக விழாததை ஊகித்து எழுதக் கூடாது, கோடு போட்டு இடம் விட வேண்டும். தெளிவாக விழுந்ததற்குக் கோடு போடுவது அதைவிடப் பெரிய குற்றம். ஆறு வருடத்தில் அவர் பெயரில் ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை.

ஹெட்போனை ஒரு காதில்தான் மாட்டுவார். இன்னொரு காது உள்ளறைக்கு. அவர் மனைவிக்கு எட்டு வருடமாக வலிப்பு. வாரத்துக்கு இரண்டு முறை, சில வாரம் நான்கு முறை, சொல்லாமல் கொள்ளாமல் வரும். பேசிக்கொண்டிருப்பவள் பாதி வார்த்தையில் சாய்வாள். பக்கத்தில் இருப்பவர் உடனே அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் ஊறுவது மூச்சுக்குழலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி ஆவண அறையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவர் இந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தான். அவர் வயதில் உள்ளவருக்கு வீட்டிலிருந்து செய்ய இன்னொரு வேலை எவரும் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

முதலில் அது மோசடிக் கடிதமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். அதனால் கடிதத்தில் இருந்த எண்ணைத் தொடாமல், பழைய ரசீதில் இருந்த எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பையன் குரல் வந்தது. கடிதம் உண்மைதான் என்றது. எந்தக் கருவி என்று கேட்டார்.

"உங்க வாசல் வரைக்கும்தான் சார் எங்களுக்குத் தெரியும். உள்ள என்ன இருக்குன்னு நீங்கதான் பாக்கணும்."

சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. ஒரு தாளை எடுத்து, வீட்டில் இணையத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் எழுதினார். அலுவலக மடிக்கணினி, தன் போன், மனைவி போன், அச்சு இயந்திரம், அலமாரி மேல் பச்சை விளக்கோடு கண்சிமிட்டும் ரூட்டர். கடைசியாக, டிவிக்குக் கீழே இருந்த உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டி.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தைத்தான் அவர் மனைவி கடைசி வரை மன்னிக்கவில்லை. அலுவலக விதிப் புத்தகத்தில் பதினோராவது விதி: இணைப்பின் பாதுகாப்பைப் பற்றி எந்த எச்சரிக்கை வந்தாலும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நகல்காரர் எச்சரிக்கையை இணைத்து, வரிசை எண் போட்டு, அன்று மாலையே அனுப்பிவிட்டார்.

"அவங்க கேட்டாங்களா?" என்றாள் மனைவி.

"கேக்கல. விதி இருக்கு."

"வீட்டுக்குள்ள பாம்பு வந்தா நம்ம அடிச்சிட்டு அப்புறம் ஊருக்குச் சொல்லலாம். நீங்க ஊரைக் கூட்டிட்டு வந்து பாம்பைத் தேடறீங்க."

மறுநாள் காலை மடிக்கணினி அவரை உள்ளே விடவில்லை. நோயாளிகளின் ரகசியங்கள் சம்பந்தப்பட்டது என்பதால் விசாரணை முடியும் வரை அனுமதி நிறுத்தி வைக்கப்படுகிறது என்று கடிதம் வந்தது. பத்து வேலை நாட்களுக்குள் இரண்டு காரியம் முடிய வேண்டும். ஒன்று, இணைப்பு இப்போது சுத்தமாக இருக்கிறது என்று இணைய நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். இரண்டு, என்ன நடந்தது என்பதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தவறினால் ஒப்பந்தம் தானாகவே முடிந்துவிடும். போன் இணைப்பை வைத்து வேலை செய்யலாமா என்றால் அதுவும் கூடாது, பதிவு செய்த வீட்டுக் கம்பி இணைப்பு மட்டும்தான்.

நகல்காரர் பதறவில்லை. முறைப்படி போனால் எதுவும் ஒரு முடிவுக்கு வரும் என்பது அவருடைய அனுபவம். ஒரு நாளைக்கு ஒரு கருவியை அணைத்து வைப்பது, மறுநாள் இணைய நிறுவனத்தை அழைத்துப் புதுப் புகார் உண்டா என்று கேட்பது என்று திட்டம் போட்டார். அட்டவணை கிழித்தார். முதல் நாள் தன் போன். புகார் நிற்கவில்லை. இரண்டாம் நாள் மனைவி போன். நிற்கவில்லை. மூன்றாம் நாள் அச்சு இயந்திரம். நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் அதே நாற்பது நிமிட இசை. அவர் மனைவி அடுப்படியிலிருந்து அதை முனக ஆரம்பித்துவிட்டாள்.

கறுப்புப் பெட்டியின் மேல் மட்டும் அவர் கை போகவில்லை. காரணம் இருந்தது. வெளிச்சம் வெட்டி வெட்டி மாறும் எதையும் அவள் பார்க்கக் கூடாது. படம், பாட்டு, செய்தி எதுவும் ஆகாது. அந்தப் பெட்டியில் ஒரே ஒரு சேனல் அவளுக்கு வாய்த்திருந்தது. ஏதோ ஒரு சரக்குக் கப்பலின் முன்புறத்தில் கேமராவைக் கட்டிவிட்டிருந்தார்கள். நாள் முழுக்கக் கடல். பேச்சில்லை, பாட்டில்லை, வெட்டே இல்லை. துறைமுகம் வரும் நாளன்று அவள் அவரைக் கூப்பிட்டுக் காட்டுவாள், உறவுக்காரர் வீட்டுக்கு வந்து இறங்கியதைப் போல. அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டியது அவள் தம்பி. எல்லாச் சேனலும் வரும், யாருக்கும் எதுவும் கட்ட வேண்டாம் என்று சொல்லித்தான் மாட்டினான். எப்படி வரும் என்று நகல்காரர் அன்று கேட்டார். மச்சினன் சிரித்தான். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வாழ்க்கையில் அவர் நகல் எடுக்காமல் விட்ட விஷயம் அது ஒன்றுதான்.

ஏழாம் நாள் ரூட்டரைப் பார்க்க இணைய நிறுவனத்தின் டெக்னீஷியன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவன் பார்வை டிவிக்குக் கீழே போனது.

"சார், ரூட்டரைத் திறக்கவே வேண்டாம். இதை எங்க சார் வாங்கினீங்க?"

"என் தம்பி கொடுத்தான்" என்றாள் மனைவி.

"பாதி வீட்டுல இருக்கும்மா இது. செய்யும்போதே உள்ள திருடனையும் சேத்து வச்சு அனுப்பறாங்க. நீங்க டிவி பாக்கறீங்க, அவன் உங்க வீட்டுத் திண்டுல சாஞ்சுக்கிட்டு ஊரைக் கொள்ளையடிக்கறான்."

நகல்காரர் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து போய்ப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். திரையில் போய்க்கொண்டிருந்த கடல் பொசுக்கென்று அணைந்தது. பெட்டியை ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டு, டெக்னீஷியன் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"இதைப் போயா இத்தனை நாளா விட்டு வச்சீங்க" என்று மட்டும் அவரிடம் சொன்னாள்.

மறுநாள் புகார் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இனி எழுத்தில் வாங்க வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் முட்டிக்கொண்டது. எச்சரிக்கை அனுப்ப அவர்களிடம் கடிதம் இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லக் கடிதம் இல்லை. எச்சரிக்கை வராவிட்டால் சரியாகிவிட்டது என்றுதான் அர்த்தம் என்றது போன் குரல். அந்த அர்த்தத்தையே ஒரு தாளில் எழுதித் தரக் கூடாதா என்று அவர் கேட்டார். அப்படி ஒரு வடிவம் தங்கள் கணினியில் இல்லை, இல்லாத வடிவத்தில் கடிதம் அடிக்க முடியாது என்றது குரல். மூன்று குரல்கள், மூன்று நாள், ஒரே பதில்.

ஒன்பதாவது வேலை நாளன்று மச்சினனை மனைவியின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, கோப்பைத் தூக்கிக்கொண்டு நேரில் போனார். கண்ணாடிக் கதவு, வரிசை எண் சீட்டு, சுவரில் சிரிக்கும் குடும்பத்தின் படம். மூன்று மணி நேரம் உட்கார்ந்த பிறகு அவர் எண் வந்தது. கவுன்டரில் இருந்த பெண் கோப்பை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை புரட்டினாள். யாரும் இப்படி எடுத்து வந்து அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது. கணினியில் எதையோ தட்டி, இணைப்பின் விவரங்களை ஒரு தாளில் எடுத்தாள். கீழே கையாலேயே, "இன்றைய தேதி வரை நிலுவையில் புகார் எதுவும் இல்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலைக் குத்தினாள்.

"மேல யாராவது கேட்டா நான் குடுத்தேன்னு சொல்லிடாதீங்க சார்" என்றாள். "சீல் மட்டும்தான் நிஜம்."

நகல்காரர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். அன்று வீட்டில் எல்லோருமே கொஞ்சம் சிரித்தார்கள். மனைவி அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சீல் கோணலாக விழுந்திருப்பதாகக் குறை சொன்னாள்.

இனி படிவம். என்ன நடந்தது, எப்போது, என்ன நடவடிக்கை, எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பினார். நான்காவது கட்டத்தில் பேனா நின்றது. 'கருவி கிடைத்த வழி' என்றிருந்தது. உரிமம் இல்லாத கருவியைத் தெரிந்தே இணைப்பில் மாட்டினால் ஒப்பந்தம் ரத்து என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"போன்ல வைரஸ்னு எழுதுங்க மாமா" என்றான் மச்சினன். "போன் எல்லார்கிட்டயும்தான் இருக்கு."

"போன் இல்லையே மாப்ள."

"இல்லன்னு உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும். பெட்டியைத்தான் தலை முழுகியாச்சே."

மனைவி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் எழுத வேண்டாம், அன்பளிப்பு என்று எழுதுங்கள், அது உண்மைதானே என்று அவள்தான் வழி சொன்னாள். அது அவருக்குப் பிடித்திருந்தது. அன்பளிப்பு என்று எழுதினார். சீல் குத்திய தாளோடு சேர்த்து அனுப்பினார். நகல் எடுத்துக்கொண்டார்.

பத்தாவது நாள் மதியம் போன் வந்தது. மேற்பார்வை பார்க்கும் அம்மாள். ஆறு வருடமாக அவருடைய தாள்கள் அந்த அம்மாளின் கை வழியாகத்தான் போயிருக்கின்றன. இரண்டு பேரும் நேரில் பார்த்ததில்லை. முதலில் இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு குரல் சொன்னது. பிறகு அந்த அம்மாள் பேசினார். சீல் குத்திய கடிதம் செல்லும், நானே பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன் என்றார்.  ஸ்பீக்கரில் போட்டிருந்த பேச்சைக் கேட்டபடி மனைவி வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலாவது கட்டம் மட்டும்தான் சார் பாக்கி. அன்பளிப்புன்னு போட்டிருக்கீங்க. உரிமம் உள்ளதா இல்லாததான்னு நான் எழுதணும்."

அவர் கோப்பைத் திறந்து நகலில் அந்தக் கட்டத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு அதெல்லாம் தெரிஞ்சிருக்காது. யாரோ குடுத்தாங்க, வாங்கி வச்சீங்க. அது என்ன பெட்டின்னு உங்களுக்குத் தெரியாது. அப்படித்தானே சார்?"

அந்த அம்மாள் 'தெரியாது' என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள் தன் வாயைத் திறந்து காட்டுவது போல.

நகல்காரர் அதை நன்றாகவே புரிந்துகொண்டார். ஒரு சொல்தான். ஆமாம் என்றால் போதும், நாளைக் காலை மடிக்கணினி திறந்துவிடும். ஆனால் மச்சினன் பெட்டியை மாட்டிய அன்று சிரித்த சிரிப்பு அவர் காதில் தெளிவாக விழுந்திருந்தது. எப்படி வரும் என்று கேட்டதும், மேலே கேட்காமல் விட்டதும் அவருக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருந்தது. தெளிவாக விழுந்த இடத்தில் கோடு போடுகிறவர்களைப் பற்றி இதே அம்மாளுக்கு அவர் எத்தனை குறிப்பு எழுதியிருக்கிறார்.

"தெரியும் மேடம்" என்றார்.

அந்தப் பக்கத்தில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சார், நான் மறுபடி கேக்கறேன்."

"கேக்க வேண்டாம் மேடம். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இருந்தது."

அந்த அம்மாள் சரி என்றார். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

மனைவி வாசல் நிலையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள். வலிப்பு இல்லை, வெறுமனே உட்கார்ந்தாள்.

"அந்த அம்மா கயிறு போட்டாங்க" என்றாள். "நீங்க அதுக்கு ரசீது கேட்டிருக்கீங்க."

"வாயில வரல."

"உங்க உண்மைக்கு நான் காவல் இருக்கணுமா? எனக்கு யார் இருப்பாங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சீங்களா?"

நினைத்தேன் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த நிமிடத்தில் அவளை நினைத்தாரா என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. 

ஒப்பந்தம் ரத்து என்ற கடிதம் சாயங்காலமே வந்துவிட்டது. அதை அச்செடுத்தார், கோப்பில் போட்டார். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போக ஆள் வந்தது. இணைய நிறுவனத்திடமிருந்து அதன் பிறகு ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. அலமாரி மேல் பச்சை விளக்கு வேளை தவறாமல் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்த இணைப்பு இனி எதற்கு என்று அவர் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

இரண்டு வாரம் எழுதாத இடமில்லை. வீட்டிலிருந்து செய்யும் வேலை என்றால், முந்தைய நிறுவனத்திலிருந்து ஏன் நின்றீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் காரணத்தை எழுதினார். பதில் வரவில்லை. கடைசியில் ஒரு சரக்குக் கிடங்கின் வாசலில், உள்ளே போகும் வண்டி, வெளியே வரும் வண்டி எல்லாவற்றையும் குறித்து வைக்கும் வேலை கிடைத்தது. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. வேலை நேரத்தில் போனை வாசல் பெட்டியில் போட்டுவிட வேண்டும், மதியம் கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். மச்சினனுக்கும் வேலை இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு தடவை எட்டிப் பார்ப்பதாகச் சொன்னாள். அவளுக்கும் வீடு, பிள்ளைகள், ஆயிரம் காரியம்.

போவதற்கு முந்தின நாள் முழுக்க அவர் வீட்டைத் தயார் செய்தார். மேசை முனைகளில் பழைய போர்வையைக் கிழித்துச் சுற்றினார். கட்டிலை வெளியே எடுத்துவிட்டு மெத்தையைத் தரையில் போட்டார். குளியலறைத் தாழ்ப்பாளைத் திருகிக் கழற்றினார். அடுப்புக்குப் போகும் வாயுவை மூடி, சமைத்ததைத் தட்டில் வைத்து மூடினார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் சுவர் பாக்கி இருக்கு" என்றாள். "அதுக்கும் போர்வை சுத்திடுங்க."

முதல் நாள் மதியம் அவர் அழைத்தபோது எடுத்தாள். சாப்பிட்டாயா என்றார், சாப்பிடப் போகிறேன் என்றாள். வண்டிகள் அதிகமா என்றாள், அதிகம்தான் என்றார். கால் மணி நேரம் முடிந்து போன் மறுபடி பெட்டிக்குள் போனது. ஆறு மணி வரை நாற்பத்தேழு வண்டிகளைக் குறித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது அவள் மெத்தையில் இல்லை. அடுப்படி வாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தட்டு திறந்தபடி இருந்தது, சோறு காய்ந்து போயிருந்தது. உதட்டோரம் பல் பட்டுக் கிழிந்து கறுத்திருந்தது. சேலையில் ஒரு பக்கம் ஈரம். அவரைப் பார்த்ததும் அவள் ஈரத்தை மறைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"எப்போ?" என்றார்.

"நீங்க போன் பண்ணினது ஞாபகம் இருக்கு. தட்டைத் திறந்தது ஞாபகம் இருக்கு." அவள் யோசித்தாள். "அப்புறம் பாத்தா வெயில் அந்த ஜன்னலுக்குப் போயிடுச்சு."

வெயில் இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னலுக்குப் போக மூன்று மணி நேரமாவது ஆகும். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாளா என்று அவர் கேட்டார். கதவு தட்டியது போல ஒரு ஞாபகம், கனவாகவும் இருக்கலாம் என்றாள்.

வெந்நீர் வைத்து அவள் முகத்தைத் துடைத்தார். சேலை மாற்றினார்.  அவர் நாளைக்குப் போகவில்லை என்று சொல்வதற்காக வாயைத் திறந்தபோது அவளே முந்திக்கொண்டாள்.

"நாளைக்கும் போங்க" என்றாள். "போகாம என்ன செய்யறது?"

அவர் சிறிது நேரம் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து காய்ந்த தட்டைக் கழுவினார். தன் சாப்பாட்டு டப்பாவையும் கழுவிக் கவிழ்த்தார். நாளைக்கான சட்டையை எடுத்துக் கதவில் மாட்டினார்.